சலோமி ஒட்டிய சீட்டுகள்

இழுப்பறையைத் திறந்தால் நாஃப்தலின் உருண்டைகள் உருளும். கடகடவென்று பின்பக்கம் வரை ஓடித் தகரத்தில் மோதி, மறுபடி முன்னால் வரும். 1979ஆம் வருஷம் ஜூலை மாதம், கல்லூரியில் தாவரவியல் துறையின் பின்னறை வாசலில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். உள்ளே யாரோ ஒருத்தி ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். அவளுக்கும் அன்றுதான். எனக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டாளே என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அவள்தான் சலோமி.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ரெக்கார்டர் ஓடுகிறதல்லவா, போதும். காபியைக் குடியுங்கள், ஆடை படிகிறது.

குறிப்பெழுதும் ஆப்பில் என் கணக்கை ஏன் மூடுகிறேன் என்று கேட்டு உங்கள் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. ஐந்து காரணம் கொடுத்திருந்தார்கள். விலை அதிகம். பயன்படுத்தக் கடினம். வேறு ஆப்புக்கு மாறுகிறேன். மற்ற இரண்டும் மறந்துவிட்டன. எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. ‘மற்றவை’ என்பதைத் தொட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகச் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்துவிட்டீர்கள். வந்த ஆள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எந்த ஆப்பில் எழுதினாலும் எல்லா ஆப்பிலும் தெரியும்படி செய்யப்போகிறீர்கள் என்று போனில் சொன்னீர்கள். ஒருவர் எழுதிய குறிப்பு இன்னொருவர் ஆப்புக்குத் தானாகப் போய்ச் சேருமாம். சொல்லும்போது உங்கள் குரலில் எவ்வளவு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் செய்யப்போகிறதை நாங்கள் போன வருஷமே செய்து பார்த்துவிட்டோம் அம்மா. ரெண்டு கிழவிகள். செய்து பார்த்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் தெரியும், குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேர். மாணவிகளுக்கு நான் ‘கே.வி. மிஸ்’. சலோமிக்கு மட்டும் குழலி. முப்பத்திரண்டு வருஷம் அவளும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். மாணவிகள் இருந்தால் மிஸ், அவர்கள் போனதும் ‘ஏட்டி’. களக்காட்டு மலைக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது போவோம். செடியைப் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி, எங்கே எப்போது எந்த உயரத்தில் பறித்தோம் என்று எழுதி அந்த இழுப்பறைகளில் வைப்போம். எங்கள் இருவருக்கும் ஒரு புத்தகம் எழுத ஆசை. களக்காட்டு மலையில் என்னென்ன செடி இருக்கிறது, ஆயிரத்து நூறு செடிக்கும் ஒன்று விடாமல். வேலையில் இருந்தவரை நேரமில்லை. ரிட்டையர் ஆனபிறகு உட்கார்ந்து எழுதலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

2011இல் ரெண்டு பேரும் ஒரே நாளில் ரிட்டையர் ஆனோம். நான் இங்கே. அவள் சில வருஷம் இங்கே இருந்துவிட்டு நாகர்கோவிலில் ரெண்டு அறை வீட்டுக்குப் போய்விட்டாள், அவளுடைய அப்பா கட்டிய வீடு. அவள் இங்கே இருந்தபோதே குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். நான் உங்கள் ஆப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு தலைப்பு, சுத்தமாக இருக்கும். அவள் வேறொரு ஆப். அதில் ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று, உரித்துக்கொண்டே போகலாம். உன்னுடையது சீட்டுக்கட்டு மாதிரி இருக்கிறது என்பாள். உன்னுடையது வெங்காயம் என்பேன். இதை வைத்து மூன்று வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். சிரிக்கிறீர்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் வேலை நகரவில்லை. ஒரு செடி எந்த மாதம் பூத்தது என்று என்னிடம் ஒன்று இருக்கும், அவளிடம் ஒன்று இருக்கும். போன் போட்டுக் கேட்க வேண்டும். அவள் தேடி எடுத்து வாசிப்பாள், நான் எழுதிக்கொள்வேன், அதில் நான் ஒரு தப்பு விடுவேன். நான் விட்ட தப்பை அவள் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

எங்களிடம் படித்த பெண் இசக்கியம்மாள். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, செடியை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனவள். இப்போது நாற்பது வயது, சென்னையில் பெரிய வேலை. சித்திரையில் அவர்கள் குலதெய்வம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு ஆப்புக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுவிடலாம் மிஸ் என்றாள். கொடை முடிந்தும் நாலு நாள் தங்கி, இதோ நீங்கள் இருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்தாள்.

செய்து முடிக்கும்போது என்னிடம் கேட்டாள். “எல்லா அட்டையும் அந்தப் பக்கம் போகணுமா மிஸ்? செடி அட்டை மட்டும் போதும்னா பிரிச்சிடலாம்.”

எல்லாம் போகட்டும் என்றேன். உங்களுடைய சொந்தக் குறிப்பு ஏதாவது இருக்கும் மிஸ், பார்த்துக்கோங்க என்றாள். அறுபத்தொன்பது வயதில் எனக்கு என்னடி சொந்தக் குறிப்பு, பாதித் தரவு தரவே இல்லை, நான் உனக்கு அப்படியா சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அவள் எல்லாவற்றையும் சேர்த்தாள்.

சென்னைக்குப் போனபிறகு ஒரு மெசேஜும் அனுப்பினாள். ‘வணக்கம் மிஸ், எல்லாம் ரெடி’ என்று ஆரம்பித்து ஒன்பது வரி. எல்லாம் ரெடி என்றபிறகு மீதி எட்டு வரியை யார் படிப்பார்கள்? கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பிவிட்டேன். கேள்வித்தாளை முழுசாகப் படிக்காத பெண்களை நான் பரீட்சை அறையில் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன், உண்மைதான். அது பரீட்சை. இது வாட்ஸ்அப்.

முதல் ஒரு மாசம் எப்படி இருந்தது தெரியுமா? அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. நாகர்கோவிலில் அவள் ஒரு வரி எழுதினால் இங்கே என் மேஜையில் அது முளைக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு எழுத்தாக வரும். நான் தேதியை மாற்றினால் அவள் பக்கத்தில் மாறும். சில நாள் செடிக்கு அடியில் ‘இங்கே மழை’ என்று எழுதுவாள். ‘இங்கே இல்லை’ என்று நான் எழுதுவேன். ஒரு மாசத்தில் நூற்றிருபது செடி முடித்தோம். பதினோரு வருஷமாக ஆகாத வேலை.

அப்புறம் ஜூன் பதினொன்றாம் தேதி. காலையில் பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து திறக்கிறேன். ஒரு அட்டைக்கு அடியில் ஒரு சீட்டு.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு, அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் ஒரு செடியை ஒட்டி, இது இன்ன செடி என்று பேர் எழுதி வைக்கிறேன். பத்து வருஷம் கழித்து வேறொருவர் வந்து பார்க்கிறார். பேர் தப்பு என்று அவருக்குத் தெரிகிறது. அவர் என் எழுத்தை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்ட வேண்டும். சரியான பேர், தன் பேர், தேதி. அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து, அந்தப் பேரும் தப்பு என்று நினைத்தால் இன்னொரு சீட்டு. நூறு வருஷத்துத் தாளில் ஐந்து ஆறு சீட்டு இருக்கும். ஒட்டின சீட்டை யாரும் பிய்க்க மாட்டார்கள். அது எங்களுக்குப் பாவம்.

சலோமி அந்த மாதிரி ஒரு சீட்டு எழுதியிருந்தாள். ஆனால் செடி அட்டையில் இல்லை.

என்னிடம் முப்பத்தேழு அட்டைகள் தனியாக இருந்தன. தலைப்பில் ‘ச’ என்று மட்டும் போட்டிருப்பேன். சலோமி எனக்குப் பண்ணினதெல்லாம் அதில் இருக்கும். தேதி, இடம், நடந்தது. செடிக்கு எழுதுகிற மாதிரிதான். டைரி என்று நினைக்காதீர்கள், அழுகை புலம்பல் எதுவும் அதில் கிடையாது. கவனித்ததை எழுதிவைத்தேன். அதனால்தான் சொந்தக் குறிப்பு என்று இசக்கி கேட்டபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. நம்புகிறீர்களா? முகத்தைப் பார்த்தால் நம்புகிற மாதிரி இல்லை. நம்பாவிட்டால் போங்கள்.

முதல் அட்டை இது: ‘1986 ஜூலை 8. மாலை. முதலாமாண்டு வகுப்பு. என் ஆங்கில உச்சரிப்பைப் பிள்ளைகள் முன் கேலி செய்தாள்.’ அதற்கு அடியில் அவள் சீட்டு: ‘கேலி செய்தது உண்மை. நேரம் காலை, முதல் பீரியட். த. சலோமி, 11-6-2022.’

அடுத்தடுத்து ஒவ்வொரு அட்டையாகத் திறக்கிறேன், எல்லாவற்றிலும் சீட்டு. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி அட்டையில் எழுத்து வந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறாள். நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன். நிறுத்தடி என்று கத்தினால் கேட்குமா?

1994ஐச் சொல்கிறேன். முண்டந்துறைப் பக்கம் ஓடைப் பாறையில் ஒரு காட்டுக் காசித்தும்பை. வெள்ளைப் பூ, உள்ளே ஒரு ஊதாப் பொட்டு. அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. முதலில் பார்த்தது நான். கால் வழுக்கும் பாறையில் குப்புறப் படுத்து எடுத்தது நான். கட்டுரை வெளியானது அவள் பேரில் மட்டும். ஏழு மாசம் அவளோடு பேசவில்லை. ஒரே அறையில் ஏழு மாசம். அட்டையில் எழுதியிருந்தேன், ‘என் செடியைத் திருடினாள்’ என்று. அவள் சீட்டு: ‘இரண்டு பெயர் போட்டுத்தான் அனுப்பினேன். அச்சில் ஒன்றை விட்டுவிட்டார்கள். திருத்தம் போடச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நகல்கள் துறையில் பன்னிரண்டாம் கோப்பில். நீ அப்போது என்னோடு பேசவில்லை. த. சலோமி.’

பன்னிரண்டாம் கோப்பா? இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கோப்பு நம்பர் சொல்கிறாள். ஏழு மாசத்தில் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து அந்தக் கடிதத்தைப் போட்டிருக்கலாமே? நான் பேசவில்லை என்றால் அவள் பேசக் கூடாதா? அதைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். பார்த்தேன். இருக்கிறது. அதனால் என்ன?

இன்னொன்று. 2003இல் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன், பத்தாம் நாள் போய்விட்டார். அட்டையில் ஒரே வரிதான்: ‘ஒன்பது நாளும் எட்டிப் பார்க்கவில்லை.’ அவள் எழுதியிருக்கிறாள்: ‘வந்தேன், ஒன்பது நாளும். கல்லூரி விட்டதும் வந்து கீழே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்கா யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று உன் தம்பி சொன்னான். ஏழு மணிக்குப் பஸ் ஏறுவேன். த. சலோமி.’

தம்பியிடம் கேட்டேன். ஆமாம் அக்கா, நீதானே யாரையும் விடாதே என்று சொன்னாய் என்கிறான். சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் ஆயிரம் சொல்லியிருப்பேன். யாரையும் என்றால் சலோமியுமா? அவனுக்கு அறிவு வேண்டாமா? அவளுக்கு மாடி ஏறத் தெரியாதா?

முப்பத்தேழுக்கும் இதே மாதிரி. இடம் திருத்தம், நேரம் திருத்தம், சிலவற்றில் ‘சரி’ என்று மட்டும். எந்த இடத்திலும் ஏன் இப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். ரெண்டு நாளில் ஆறியிருக்கும்.

போன் பண்ணினேன்.

“பாத்துட்டியா?” என்றாள், ஹலோகூடச் சொல்லாமல்.

என் அட்டையில் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன்.

“தப்பா எழுதியிருந்த. சீட்டு ஒட்டினேன். நாம எப்பவும் செய்றதுதானே?”

“அது செடிக்கு.”

“எனக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா குழலி?”

அவளே தொடர்ந்து பேசினாள். ரொம்ப மெதுவாக, பரீட்சைத் தாளைத் திருப்பித் தருகிற மாதிரி. “முப்பத்தேழையும் ரெண்டு தடவை படிச்சேன். நல்லதா ஒண்ணுகூட எழுதலையேட்டி?”

இது என்ன கேள்வி சொல்லுங்கள். நாங்கள் செடி சேகரிக்கிறவர்கள். வழியெல்லாம் கிடக்கிற அருகம்புல்லை யாராவது பறித்துக் காயவைத்து ஒட்டுவார்களா? வித்தியாசமாக ஒன்று கண்ணில் பட்டால்தான் எடுப்போம். தினம் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸில் இருந்து எனக்கு ஒரு துண்டு மீன் எடுத்து வைப்பாள், என் வீட்டில் மீன் கூடாதென்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் தினம் வைத்தாள். அதற்குத் தேதி போட்டு அட்டை எழுத முடியுமா? இதைத்தான் சொன்னேன் அவளிடம். “அருகம்புல்லுக்கு யாராவது தாள் ஒட்டுவாங்களா?” என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள். நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்ததல்லவா? உங்களுக்கு ஒரு தடவையில் புரிகிறது. நாற்பது வருஷம் பழகினவளுக்குப் புரியவில்லை.

மூன்று மணி இருக்கும். சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தேன். முதலில் சீட்டுகளை அழித்தேன், முப்பத்தேழையும் ஒவ்வொன்றாக. ஆமாம், பாவம் என்று இப்போதுதான் சொன்னேன். அவள் மட்டும் முறைப்படி செய்தாளா? மனுஷ மனசில் சீட்டு ஒட்டுவது எந்த முறை? அழித்தும் எனக்கு அடங்கவில்லை. என் ஆப்பில் ‘சலோமி’ என்று ஒரு பெட்டி இருந்தது. பாலம் வழியாக அவள் பக்கத்திலிருந்து வந்த குறிப்பெல்லாம் அதற்குள். முப்பத்திரண்டு வருஷ மலைக் குறிப்பு, ரெண்டாயிரத்து எண்ணூறு. இவள் சாமான் என் வீட்டில் எதற்கு என்று அதையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று உங்கள் ஆப் கேட்டது. ஆமாம். திரும்ப எடுக்க முடியாது என்றது. சரி. அப்புறம் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். எனக்கு எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடந்தால் பிடிக்காது.

எழுந்து போய் ரசம் சாதம் சாப்பிட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ருசியாக இருந்தது.

இதில் நான் என்ன தப்பு செய்தேன்? கேளுங்கள். மலையில் ஒரு செடி கிடைத்தால் நாங்கள் ஒன்றோடு விட மாட்டோம், நாலு கிளை பறிப்போம். நாலு தாளில் ஒட்டுவோம். ஒன்று எங்கள் இழுப்பறைக்கு, மற்ற மூன்றும் கோயம்புத்தூருக்கும் கல்கத்தாவுக்கும் போகும். அதற்கு டூப்ளிகேட் என்று பேர். என் தாளைப் பூச்சி அரித்தாலும் அறை தீப்பிடித்தாலும் அவர்கள் தாள் அங்கே பத்திரமாக இருக்கும். அதற்காகத்தான் அனுப்புகிறோம். அவள் குறிப்பு என் ஆப்பில் இருக்கிறதென்றால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரு டூப்ளிகேட் அனுப்பியிருக்கிறாள் என்றுதான் அர்த்தம். என்னிடம் இருப்பதை நான் கொளுத்துவேன். அவளுடையது நாகர்கோவிலில் இருக்கிறது. எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வாரமே அவளுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் முடிந்து, ஒரு மாதம் கழித்து அடுத்த கண். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அவள் சொல்லவில்லை. ஆகஸ்டு கடைசியில்தான் திறந்து பார்த்திருக்கிறாள்.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. இசக்கியைக் கூப்பிட்டிருக்கிறாள். இசக்கி எனக்குப் போன் பண்ணினாள்.

“மிஸ், சலோமி மிஸ்ஸோட குறிப்பை நீங்க அழிச்சீங்களா?”

“என்கிட்ட இருந்ததை அழிச்சேன்.”

“உங்ககிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணுன்னு இல்லை மிஸ். இருக்கிறதே ஒரு தாள்தான். ரெண்டு பேரும் ரெண்டு ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. மெசேஜ்ல நாலாவது வரியில எழுதியிருந்தேனே.”

நாலாவது வரியில்! ஒரு ஆளின் முப்பத்திரண்டு வருஷத்தைக் கொண்டுபோய் நாலாவது வரியில் வைப்பாளா ஒருத்தி? இவளுக்கா நான் முதல் மார்க் போட்டேன்? நன்றாகத் திட்டினேன். அழுதுகொண்டே கேட்டுக்கொண்டாள். இசக்கியே உங்கள் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். முப்பது நாள் வரைக்கும் குப்பைத்தொட்டியில் இருக்குமாம், பயன்படுத்துபவரே அதைக் காலி செய்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதாம். மிகவும் வருந்துகிறோம் என்று கடைசியில் ஒரு வரி. சலோமியின் ஆப்பிலும் அந்த முப்பது நாள் தாண்டிவிட்டதாம். அந்த வரியை நீங்கள்தான் எழுதினீர்களா? இல்லையா? சரி.

கையெழுத்து நோட்டு இல்லையா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பதினோரு நோட்டு, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. 2019இல் நாகர்கோவிலுக்கு வீடு மாறும்போது இதை எங்கே வைக்க என்று கேட்டாள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சே, செல்லரித்துப் போனதைக் கட்டிக்கொண்டு அழாதே, பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்றேன். போட்டுவிட்டாள். அவ்வளவு வருஷத்தில் என் பேச்சை அவள் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் கேட்காமல் இருந்திருக்கலாம். என் பேச்சுக்கு எதிராகவே எல்லாம் செய்கிறவள், அன்றைக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

காய்ந்த செடிகள் இழுப்பறையில் இருக்கின்றன. செடி பேசாது. எந்த மாதம் காய்க்கும், எந்த வண்டு வரும், இலையைக் கசக்கினால் என்ன வாசம், மலையில் வாழ்கிற காணிக்காரர்கள் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இதெல்லாம் அவள் குறிப்பில்தான். நான் தண்டையும் இலையையும் அளந்து எழுதுவேன். வாசனையை எழுதியது அவள். எனக்கு மூக்கு கொஞ்சம் மட்டு.

செப்டம்பரில் ஒரு மெசேஜ் அனுப்பினேன். ‘நடந்தது நடந்துவிட்டது. நீ இங்கே வந்து தங்கு. நீ ஞாபகத்திலிருந்து சொல், நான் எழுதிக்கொள்கிறேன். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம்.’ இதைவிட ஒரு மனுஷி என்ன இறங்கி வர முடியும்? ரெண்டு நீலக்குறி விழுந்தது. படித்துவிட்டாள். பதில் இல்லை. நாலு நாள் கழித்து நாகர்கோவிலுக்கே போனேன். பஸ்ஸில் ரெண்டு மணி நேரம், இந்த முழங்காலோடு. கதவைத் திறந்தாள். காபி போட்டாள். என் காபிக்குச் சர்க்கரை போடக் கூடாதென்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூக்கில் கண்ணாடி இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தாள். நான் செடிகளைப் பற்றிப் பேசினேன், இசக்கியின் கவனக்குறைவைப் பற்றிப் பேசினேன், உங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசினேன். எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினாள்.

கிளம்பும்போது கேட்டாள். “ஒட்டின சீட்டை ஏன் பிச்ச குழலி?”

ரெண்டாயிரத்து எண்ணூறு குறிப்பு போனதை அவள் கேட்கவில்லை பாருங்கள். அந்த முப்பத்தேழைக் கேட்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

மன்னிப்பா? எதற்கு? மெஷின் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவா? நீங்கள் கேட்பீர்களா? உங்கள் கம்பெனி அந்த ஒரு வரிக்கு மேல் கேட்டதா? இந்தக் கேள்வி உங்கள் படிவத்தில் இருக்கிறதா, இல்லை நீங்களாகக் கேட்கிறீர்களா?

உட்காருங்கள். நான் உங்களைப் போகச் சொல்லவில்லை.

அந்தச் சீட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்கள் அட்டையின் தேதியைச் சொல்லுங்கள், நான் சீட்டைச் சொல்கிறேன், அவள் பேர், அவள் போட்ட தேதியோடு. கணக்கை மூடுவதற்கு முன்னால் என் அட்டைகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். அதில் என் முப்பத்தேழும் இருக்கிறது, நான் எழுதினபடியே. அடியில் வெறுமையாக இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து, அவள் சொன்னதை எல்லாம் என் கையால் அதனதன் அடியில் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன். முதல் அட்டையை எடுத்தேன். ‘நேரம் காலை, முதல் பீரியட்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே யார் பேரைப் போடுவது? அவள் பேரை நான் போட்டால் அது பொய்க் கையெழுத்து. என் பேரைப் போட்டால் நான் என்னைத் திருத்தினதாக ஆகும். மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் கம்பெனியில் சொல்லுங்கள். எல்லா ஆப்பையும் பேச வைக்கப்போகிறார்களே, அவர்களிடம் சொல்லுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘மற்றவை’ என்பதை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.

சலோமி இப்போது எங்கே என்று கேட்டீர்கள். நாகர்கோவில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தை மாசம் பெங்களூரில் இருக்கிற தன் மகளிடம் போய்விட்டாள். நுண்ணோக்கியை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாளாம். கண் ரெண்டும் நன்றாகத் தெரிகிறதாம். காலையில் பேப்பர் வந்ததும் சுடோகு போடுகிறாளாம்.